சட்டம், விஞ்ஞானம், தொழினுட்பம்: ஊர் வாதங்களை ஒழுங்காக நடத்தும் முறை

ஊரில் ஒரு தொலைபேசிக் கோபுரத்துக்கு அத்திவாரம் வெட்டினால் போதும், களுவாஞ்சிக்குடியிலும் சரி அக்கரைப்பற்றிலும் சரி, அன்றிரவே வாதம் தொடங்கிவிடும். “டவர் வந்தா புற்றுநோய் வரும்” என்பார் ஒருவர். “பிரதேச சபை அனுமதி குடுத்திட்டுது, இனி ஒண்டும் செய்யேலாது” என்பார் மற்றவர். “இது ஃபைவ் ஜீ, பழைய டவர் மாதிரி இல்ல” என்பது மூன்றாவது குரல். “பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில எங்களுக்கு இது வேணாம்” என்பது நாலாவது. நாலு பேரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்வதாகத்தான் நினைக்கிறார்கள். ஆனால் அங்கே நாலு வெவ்வேறு கேள்விகள் கிடக்கின்றன: முதலாவது விஞ்ஞானம், இரண்டாவது சட்டம், மூன்றாவது தொழினுட்பம், நாலாவது விருப்பம். ஒன்றுக்குரிய ஆதாரத்தை மற்றதற்குப் பதிலாக நீட்டுவதால்தான் இத்தகைய வாதங்கள் விடியும்வரை நீண்டும் ஓரிடத்திலும் போய்ச் சேருவதில்லை.

கேள்வியைப் பிரிப்பது

வாய் திறப்பதற்கு முன் உங்களை நீங்களே கேட்க வேண்டியது ஒன்று: எதைக் காட்டினால் இந்தக் கூற்று உறுதியாகும், எதைக் காட்டினால் விழும்? வர்த்தமானியின் ஒரு பக்கம் போதுமென்றால் அது சட்டக் கேள்வி. எண்ணிப் பார்த்து, அளந்து, ஒப்பிட்டால்தான் தெரியுமென்றால் விஞ்ஞானம். கருவியைத் திறந்து அல்லது இயக்கிப் பார்த்தால் தெரியுமென்றால் தொழினுட்பம். எதைக் காட்டினாலும் மாறாதென்றால் அது விருப்பம், அல்லது நியாயம் பற்றிய நிலைப்பாடு.

விருப்பத்தைச் சொல்வதில் வெட்கப்பட எதுவுமில்லை. “எங்களைக் கேட்காமல் இந்த இடத்தை ஏன் தெரிவுசெய்தீர்கள்? மாற்று இடம் பாருங்கள்” என்பது முழுமையான, மரியாதையான வாதம். அது எடுபடாதோ என்று பயந்து பலர் அதற்குப் புற்றுநோய்ச் சட்டையை மாட்டிவிடுகிறார்கள். அங்கேதான் தோல்வி தொடங்குகிறது. மறுதரப்பிலுள்ள பொறியியலாளர் விஞ்ஞானப் பகுதியைப் பத்து நிமிடத்தில் உடைப்பார். அதோடு நியாயமான கோரிக்கையும் சேர்ந்து தள்ளுபடியாகும்.

விருப்பத்தைப் பதிவுசெய்யச் சட்டமே சில இடங்களில் வழி வைத்திருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ்ச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும் திட்டமென்றால், அந்த அறிக்கை பொதுமக்களின் கருத்துக்காக 30 நாள் திறந்திருக்கும். அந்த 30 நாளைத் தவறவிட்டுப் பிறகு வீதியில் நிற்பதைவிட, அறிவித்தல் வந்த அன்றே ஊரவர்களை இருத்தி எழுத்தில் கருத்துக் கொடுப்பது பலமடங்கு பெறுமதியானது.

அடுத்து, கூற்றை ஒரு வரியில் எழுதுங்கள். இடம், காலம், அளவு மூன்றும் அதில் இருக்கட்டும். “டவர் ஆபத்து” என்பதை எவராலும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. “இந்தக் கோபுரத்திலிருந்து 100 மீற்றரிலுள்ள வீட்டில் கதிர்வீச்சு பொதுமக்களுக்கான எல்லையைத் தாண்டும்” என்றால் அளந்து பார்க்கலாம்.

சட்டம் பேசுவதென்றால்

நமது பகுதியில் சட்டம் பற்றிய பிழையான கூற்றுகளில் கணிசமானவை பொய் அல்ல. வேறு நாட்டின் உண்மை. தமிழில் வரும் சட்ட விளக்கக் காணொளிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டவை. தகவல் கேட்டால் 30 நாளுக்குள் தரவேண்டும் என்பது இந்தியாவின் 2005 ஆம் ஆண்டுச் சட்டம். இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் சொல்வது 14 வேலை நாள். மோசடிக்கு இந்தியப் பிரிவான “420” ஐ இங்கே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில், ஏமாற்றி ஆதனத்தைக் கையளிக்கச் செய்வது 403 ஆம் பிரிவு. இந்தியாவிலேயே பழைய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்துக்கு இடம் விட்டுவிட்டது. இன்னொரு குழி: தமிழ்நாட்டுச் செய்தியில் ‘உயர் நீதிமன்றம்’ மாநிலத்தின் நீதிமன்றம். இங்கே அது நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். ஆகவே யாராவது ஒரு பிரிவைச் சொன்னால் முதலில் கேட்கவேண்டியது: எந்த நாடு, எந்த ஆண்டு, எத்தனையாம் இலக்கம்?

இலக்கம் கிடைத்ததும் மூல உரையை எடுங்கள். பாராளுமன்ற இணையத்தளத்திலும் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளத்திலும் சட்டங்களும் வர்த்தமானிகளும் தமிழில் உள்ளன. படிக்கும் ஒழுங்கு முக்கியம். நேரே பிரிவுக்குப் போகாதீர்கள். கடைசிப் பக்கங்களிலுள்ள பொருள்கோடல் பிரிவை முதலில் வாசியுங்கள். ஊர்ப் பேச்சில் ஒரு பொருளும் சட்டத்தில் வேறு பொருளுமாக இருக்கும் சொற்கள் அங்கேதான் விளக்கப்படுகின்றன. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் ‘பொய்யான கூற்று’ என்பதற்கே அப்படியொரு தனி விளக்கம் இருக்கிறது. அதை வாசிக்காமல் “இனி பேஸ்புக்கில் பிழையாக எதையும் எழுதினால் சிறை” என்றும், “அது ஒன்றும் செய்யாது” என்றும் வாதாடுவது இரண்டுமே வீண். பொருள்கோடலுக்குப் பிறகு உரிய பிரிவு, அதன் பின் அதற்கான விதிவிலக்குகள், அதன் பின் திருத்தச் சட்டங்கள். முடிவில் மொழி பற்றிய பிரிவையும் பாருங்கள். பெரும்பாலான சட்டங்களில், சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். தமிழ் உரையின் ஒரேயொரு சொல்லில் உங்கள் வாதம் முழுவதும் தொங்குகிறதென்றால், சிங்களம் தெரிந்த ஒருவரிடம் அந்த வரியைக் காட்டிவிட்டே பேசுங்கள்.

நிறைவேறிய சட்டமெல்லாம் அன்றே நடைமுறைக்கு வருவதில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு மார்ச் 19 இல் சான்றுரைப்படுத்தப்பட்டது. ஆனால் அதிகாரசபையை அமைக்கும் பகுதி 2023 ஜூலையில்தான் தொடங்கியது. முக்கியமான கடப்பாடுகள் 2025 மார்ச்சுக்கு என்றிருந்து மேலும் தள்ளிப்போயின. “சட்டம் இருக்குது” என்பவரும் “அது இன்னும் வரேல்ல” என்பவரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். எந்தப் பகுதி, எந்தத் திகதியில் என்று கேட்டால் அந்தச் சண்டை அங்கேயே முடியும். அதேபோலச் சட்டமூலம் வேறு, சட்டம் வேறு. இலங்கையில் சபாநாயகர் சான்றுரைத்த பிறகு ஒரு சட்டத்தின் வலிதுடைமையை நீதிமன்றில் கேள்விக்குட்படுத்த முடியாது என்று அரசியலமைப்பின் 80 ஆம் உறுப்புரை சொல்கிறது. எனவே எதிர்ப்பு வாதம் சட்டமூலமாக இருக்கும்போதே வேண்டும்.

விதிக்குள் விதி எப்படி ஒளிந்திருக்கும் என்பதற்குக் காணி விடயம்தான் நல்ல பயிற்சி. “பத்து வருஷம் இருந்தா காணி சொந்தம்” என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். அடிப்படை இருக்கிறது: ஆட்சியுரிமை பற்றிய 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு பத்து ஆண்டுகளைச் சொல்கிறது. ஆனால் வெறுமனே இருந்தால் போதாது. உரிமையாளருக்கு எதிரான, தடங்கலில்லாத ஆட்சியாக இருக்கவேண்டும். வாடகைக்கோ, உறவுக்காரரின் அனுமதியிலோ இருந்த ஆண்டுகள் அப்படியே கணக்கில் சேராது. அடுத்து 15 ஆம் பிரிவு: அரசின் உரிமைகளை இந்தச் சட்டம் பாதிக்காது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அனுமதிப்பத்திரக் காணியும் அரச காணியும் எவ்வளவு என்று யோசித்தால், இந்த ஒரு பிரிவு எத்தனை வாதங்களைக் கவிழ்க்கும் என்று விளங்கும். அதற்கும் மேல், போர்க்காலத்தில் தங்கள் காணிக்காக வழக்காட முடியாமற்போனவர்களுக்கென 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் தனி ஏற்பாடு செய்தது. இடம்பெயர்ந்து திரும்பிய ஒருவரிடம் “பத்து வருஷம் போயிட்டுது” என்று சொல்ல முன் இதையும் வாசித்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் வளவு அந்த வாக்கியத்தில் நிற்கிறது.

நீதிமன்றச் செய்தியைச் சான்றாகக் காட்டினால் மூன்றைப் பாருங்கள். சொன்னது நீதியரசரா, சட்டத்தரணியா? இடைக்காலக் கட்டளையா, இறுதித் தீர்ப்பா? எந்த நீதிமன்றம்? தலைப்பில் “நீதிமன்றில் தெரிவிப்பு” என்றிருந்தால் அநேகமாக அது ஒரு தரப்பின் வாதம் மட்டுமே.

விஞ்ஞானம் பேசுவதென்றால்

கோபுரக் கதையையே எடுப்போம். ஓர் அலைவாங்கியிலிருந்து ஒரு திசைக்கு 30 வாற்று போகிறது, அலைவாங்கி அதை ஒரு பக்கமாகக் குவிப்பதால் 50 மடங்காகிறது என்று வைத்தால், கதிரின் நடுவில் நிற்பவருக்கு அது 1500 வாற்று எல்லாப் பக்கமும் பரப்பும் மூலத்துக்குச் சமம். தூரத்தின் வர்க்கத்தால் வலு குறையும். 100 மீற்றரில் அந்த 1500 ஐ, 100 மீற்றர் ஆரைகொண்ட கோளத்தின் பரப்பால், அதாவது ஏறக்குறைய 1,25,700 சதுர மீற்றரால் பிரித்தால் சதுர மீற்றருக்கு 0.012 வாற்று. அயனாக்காத கதிர்வீச்சுக்கான சர்வதேச ஆணைக்குழு பொதுமக்களுக்கு வகுத்த எல்லை, சதுர மீற்றருக்கு, 900 மெகாஹேர்ட்ஸில் 4.5 வாற்று, 2 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் 10 வாற்று. பத்து அலைவாங்கிகள் ஒரே பக்கம் பார்த்தாலும் 0.12 தான். இந்தக் கணக்கை ஒரு கடதாசியில் போட்டு எல்லோர் முன்னும் வையுங்கள். எந்த எண்ணில் சந்தேகமோ அந்த எண்ணை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். “விஞ்ஞானிகள் பாதுகாப்பானது என்கிறார்கள்” என்று சொல்வதைவிட அது நூறு மடங்கு மரியாதையான வாதம். இன்னொன்றும் சேருங்கள்: சிக்னல் குறைந்த இடத்தில் போன் தன் வலுவைக் கூட்டித்தான் பேசும், போனோ காதோடு ஒட்டி இருக்கிறது.

மறுபக்கத்தில் ஒருவர், “உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய்ப் பட்டியலில் போட்டிருக்குது” என்பார். உண்மை: அதன் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 மே மாதம் வானொலி அலைகளை 2பி வகுதியில் சேர்த்தது. அந்த வகுதிகள் ஆதாரத்தின் உறுதியைச் சொல்கின்றன, ஆபத்தின் பருமனை அல்ல. 2பி என்றால் ‘சாத்தியம் இருக்கலாம், ஆதாரம் மட்டுப்பட்டது’. அதே முகவரகம் புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கைக்கூட முதலாம் வகுதியில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற இடத்தில் வைத்திருக்கிறது. நமது வீடுகளில் வாய்ப்புற்றுநோயைக் குறைக்க வேண்டுமென்ற அக்கறை இருந்தால், அந்தப் பட்டியலை முதலாம் வகுதியிலிருந்து வாசிக்கத் தொடங்குவதுதான் முறை.

“டவர் வந்த பிறகு எங்கட தெருவில நாலு பேருக்குப் புற்றுநோய்” என்பது வேறு வகை. இதை ஏளனம் செய்யவே கூடாது. அந்த நாலு பேரும் பெயருள்ளவர்கள், அயலவர்கள். அமைதியாகக் கேளுங்கள்: ஒரே வகைப் புற்றுநோயா, வேறு வேறா? நோய் கண்ட ஆண்டு எது? கட்டிகள் உருவாகி வெளிப்படப் பல ஆண்டுகள் எடுக்கும்; கோபுரம் போன வருடம் வந்ததென்றால் காரணம் அதற்கு முந்தியது. வயது என்ன? கோபுரமே இல்லாத, இதே அளவு சனத்தொகையுள்ள பக்கத்துக் கிராமத்தில் எத்தனை பேர்? இந்தக் கடைசிக் கேள்விதான் விஞ்ஞானம். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை.

ஒப்பீட்டில் என்னென்ன பிழைக்கும் என்பதை ஒலுவில் கடற்கரை நன்றாகக் காட்டும். துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரிக்கப்பட்டது, தெற்கே மணல் சேர்ந்தது, வாயிலும் மணலால் அடைபட்டது. கரையோரமாக நகரும் மணலை அலைதாங்கி மறித்ததால் வந்தது என்பது வாதம். இதைச் சரியாக முன்வைக்க மூன்று கவனம் வேண்டும். முதலாவது, ‘முன்’ என்பது திறப்பு விழாவுக்கு முன் அல்ல. வேலை தொடங்கிய 2008 க்கு முன். இரண்டாவது, மாரியில் வடகீழ்ப் பருவக்காற்றின் அலை கரையைத் தின்னும், கோடையில் மணல் திரும்பும். டிசம்பர்ப் படத்தை ஜூன் படத்தோடு ஒப்பிட்டால் துறைமுகம் இல்லாத ஊரிலும் கடல் ஏறியதாகத் தெரியும். ஆகவே ஒரே மாதத்துப் படங்களையே எடுக்கவேண்டும். கூகிள் ஏர்த்தில் பழைய செய்மதிப் படங்களைத் திகதியோடு பார்க்கலாம். மூன்றாவது, துறைமுகத்தின் தாக்கம் எட்டாத தூரத்துக் கரை ஒன்றையும் அதே ஆண்டுகளில் அளக்கவேண்டும். அங்கேயும் அதே அளவு அரிப்பு என்றால் காரணம் வேறு. அங்கே இல்லை, இங்கே உண்டு, அதுவும் வடக்கில் அரிப்பு தெற்கில் சேர்ப்பு என்றால் வாதம் உறுதி. மீனவர் சங்கம் ஒன்று இந்த மூன்றையும் ஒரே தாளில் கொண்டுபோனால் எந்த அதிகாரியும் “இயற்கை” என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிட முடியாது.

உரப் பிரச்சினையில் அளவு தெரியாமல் வாதாடியதன் விலையை நாடு முழுவதும் கொடுத்தது. இரசாயன உர இறக்குமதித் தடை 2021 மே 6 இல் வர்த்தமானியில் வந்தது. நவம்பர் இறுதியில் தளர்த்தப்பட்டது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. “இரண்டிலும் நைதரசன்தானே” என்ற வாதத்துக்கு விடை எளிய பெருக்கல்: யூரியாவில் நைதரசன் 46 வீதம், 50 கிலோ மூடையில் 23 கிலோ. கூட்டெருவில் 1.5 வீதம் என்று வைத்தால் அதே 23 கிலோவுக்கு ஏறக்குறைய 1530 கிலோ கூட்டெரு வேண்டும். அதிலும் முழு நைதரசனும் முதல் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்காது. படுவான்கரையில் ஒருவர் அஞ்சு ஏக்கர் செய்கிறாரென்றால் எத்தனை லோட், எங்கிருந்து, என்ன கூலி என்று வாதம் தானாகவே நிலத்துக்கு இறங்கும். கூட்டெரு மண்ணின் சேதனப் பொருளையும் நீர்ப்பிடிப்பையும் உயர்த்தும் என்பதும் அதேயளவு உண்மை. அதை மறுத்தால் நீங்களும் பாதிக் கணக்குக்காரர்தான்.

டெங்குக் காலத்தில் பப்பாசி இலைச் சாறு பற்றிய வாதம் வரும். அங்கே பிழைப்பது காலம். குருதிச் சிறுதட்டுகள் காய்ச்சலின் ஆறாம் ஏழாம் நாளளவில் பெரும்பாலானோரில் தாமாகவே ஏறத் தொடங்கும். ஐந்தாம் நாள் எதைக் குடித்தாலும் அதுதான் ஏற்றியது போலத் தோன்றும். சாறு குடித்தவர்களில் எண்ணிக்கை சற்று விரைவாக ஏறியது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் டெங்கில் உயிரை எடுப்பது பெரும்பாலும் குருதிக் குழாயிலிருந்து திரவம் கசிவது. அது காய்ச்சல் விடும் வேளையில் நடக்கும். எண்ணிக்கை ஏறுவதும் உயிர் தப்புவதும் ஒன்றல்ல. வாதத்தில் வென்றாலும் தோற்றாலும், காய்ச்சல் விட்டதும் பிள்ளை சோர்ந்தால், வயிறு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதைச் சொல்லாமல் அந்த உரையாடலை விடாதீர்கள்.

தொழினுட்பம் பேசுவதென்றால்

இங்கே விடை பெரும்பாலும் கையிலேயே இருக்கிறது. ஆனால் பதிப்பும் திகதியும் இல்லாமல் பேசினால் விடை பிழைக்கும். வாட்ஸ்அப் செய்தி 2016 ஏப்ரல் முதல் அனுப்புநரிலிருந்து பெறுநர் வரை மறைகுறியாக்கப்பட்டது. இடையில் உள்ளடக்கத்தை வாசிக்க முடியாது. யார், யாருடன், எப்போது தொடர்புகொண்டார் என்பது அந்த மறைப்புக்குள் வராது. கூகிள் ட்ரைவில் போகும் காப்புப் பிரதிக்கு முழு மறைப்பு வேண்டுமென்றால் அதை அமைப்பில் நீங்களே போடவேண்டும். “அரசாங்கம் பார்த்தால் சிவப்பு டிக் வரும்” என்ற செய்தி அவ்வப்போது திரும்பி வரும். அப்படி ஒரு டிக்கே செயலியில் இல்லை. பொலிஸ் ஒரு செய்தியைப் பார்ப்பதென்றால் அநேகமாகக் குழுவிலுள்ள யாரோ திரைப்பிடிப்பு எடுத்திருப்பார், அல்லது போனையே கொடுத்திருப்பார்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டு எடுத்த பதிலைச் சான்றாக வைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். 2023 ஜூனில் நியூயோர்க் நீதிமன்றமொன்று, செயலி கற்பனையாகத் தந்த வழக்குகளை மனுவில் எழுதிய சட்டத்தரணிகளுக்கு 5000 டொலர் அபராதம் விதித்தது. இல்லாத பிரிவு, இல்லாத தீர்ப்பு, இல்லாத ஆய்வு எல்லாவற்றையும் அச்சொட்டான நடையில் எழுதும் திறன் அவற்றுக்கு உண்டு. இலங்கைச் சட்டம் பற்றித் தமிழில் கேட்டால் இந்தியச் சட்டத்தைக் கலந்து தருவதும் நடக்கும். எங்கே தேடுவது என்று அறிய அவற்றைப் பயன்படுத்தலாம். மூலப் பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் எண்ணைச் சபையில் சொல்லக்கூடாது.

பேசும் முறை

மறுதரப்பின் கூற்றை அவரே “ஓம், அதைத்தான் சொன்னன்” என்னும்வரை திரும்பச் சொல்லுங்கள். “சேர், நீங்க சொன்னத நான் இப்பிடி விளங்கினன், சரிதானே?” என்று கேட்டால் பாதி வாதம் அங்கேயே கரையும். படிப்பித்த ஆசிரியர், மாமா முறையானவர், ஊர்ப் பெரியவர் என்றால் எல்லார் முன்னும் “பிழை” என்று சொல்லாமல் மூலப் பக்கத்தைக் கொடுத்து, “ஐயா, இதில நாலாம் பந்தியில வேற மாதிரி இருக்கு, ஒருக்காப் பாருங்களன்” என்று விடுங்கள். வாசித்துவிட்டு அவரே திருத்துவதற்கு வழி இருக்கவேண்டும். கல்முனை, காத்தான்குடி, மட்டக்களப்பு என்று தமிழரும் முஸ்லிம்களும் கலந்திருக்கும் இடத்தில் இன்னும் கவனம்: “உங்கட ஆக்கள்” என்ற சொல் வந்த கணமே கேள்வி மாறிவிடும். வந்தால், “நானா, நாம காணிச் சட்டத்தில நின்டம், அதுக்கே வருவம்” என்று அதே கேள்விக்குத் திரும்புங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு விடயம் மட்டும். ஐந்து ஆதாரம் இருந்தாலும் மிக வலிமையானதை மட்டும் வையுங்கள். ஐந்தையும் வைத்தால் மிகப் பலவீனமானதற்குத்தான் பதில் வரும். மறுதரப்பு சொன்னதில் சரியானதை முதலில், தெளிவாக ஏற்றுக்கொள்ளுங்கள். தொடங்கும்போதே இருவரும் “எது தெரிந்தால் என் கருத்தை மாற்றுவேன்” என்று சொல்லிவிடுவது நல்லது. ஒருவர் “எதுவந்தாலும் மாற்றமாட்டேன்” என்றால் அது விருப்பம் என்று குறித்துக்கொண்டு நிறுத்துங்கள்.

சனம் சூடாக இருக்கும்போது

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்துச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாக ஒரு வதந்தி எழுந்தது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் பரிசோதனையில் அது மாவுக்கட்டி என்று தெரிந்தது. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் அறியப்படவுமில்லை. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தில் வன்முறை வெடித்து, மார்ச் 7 இல் சமூக ஊடகங்களே முடக்கப்பட்டன.

அப்படிப்பட்ட இரவில் நீண்ட விளக்கம் எடுபடாது. கேட்கவேண்டியது சுருக்கம்: அந்த மருந்தின் பெயர் என்ன? மாதிரி இப்போது யாரிடம்? பொலிஸ் ஊடாகப் பகுப்பாய்வாளருக்குப் போனதா? பெயரும் இல்லை மாதிரியும் இல்லையென்றால் காணொளியை அனுப்பாதீர்கள், அனுப்பியவரைத் தனியே அழைத்து அழிக்கச் சொல்லுங்கள். சட்டமும் இங்கே கடுமையானது: குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்துக்கான 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, வன்முறைக்கோ பாரபட்சத்துக்கோ தூண்டும் இன, மத வெறுப்பைக் குற்றமாக்குகிறது, பிணை வழங்கக்கூடியது மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விதிவிலக்கான நிலைமைகளில்.

பதில் யாரிடமும் இல்லாதபோது

கோபுரத்துக்கு யார் அனுமதி தந்தார், கதிர்வீச்சு அளக்கப்பட்டதா, ஒலுவிலில் எத்தனை கன மீற்றர் மணல் அகற்றப்பட்டது போன்றவை வாதாடித் தெரியவருபவை அல்ல. ஒரு கோவையில் கிடப்பவை. அதைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டு எடுங்கள். எந்தப் பகிரங்க அதிகாரசபையிடம் கோவை இருக்கிறதோ அதன் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: பிரதேச சபை, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என்று தனித்தனியே. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. “கோபுரம் பாதுகாப்பானதா?” என்று கேட்டால் கருத்துத்தான் வரும், அல்லது எதுவும் வராது. “இந்த முகவரியிலுள்ள கோபுரத்துக்கு வழங்கிய அனுமதிக் கடிதத்தின் பிரதி, இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை அங்கே எடுத்த மின்காந்தக் கதிர்வீச்சு அளவீட்டு அறிக்கைகளின் பிரதி” என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு கடிதத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். கூடினால் ஒன்றைக் காட்டி எல்லாவற்றையும் தாமதப்படுத்துவார்கள். பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் பற்று வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்திருங்கள்.

14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வரவேண்டும். தகவலைத் திரட்ட மேலும் 21 நாள் வரை எடுக்கலாம். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு; அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். அதிலும் திருப்தியில்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு எழுதலாம். பதில் வந்ததும் முழுப் பக்கத்தையும், திகதியும் கோவை இலக்கமும் தெரிய, வாதம் நடந்த அதே இடத்தில் போடுங்கள். உங்களுக்குச் சாதகமான பந்தியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். ஒரு பிரதியை வாசிகசாலையில் வையுங்கள், அடுத்த கோபுரம் வரும்போது தேவைப்படும்.